முன்வரிசையில் சம்பந்தி

அத்தியாயம் 17

ஒருவர் பேசும்போது எதிரில் இருப்பவர் தூங்கிவிட்டால் அதற்குக் களைப்பு என்று பெயர். தோவான் பேசும்போது தூங்கிவிட்டால் அது ராஜத்துரோகம். போன வாரம் கியெம் செய்தது அதைத்தான்.

தன் மகன் துயெனுக்கும் தோவானின் மகள் மியெனுக்கும் நடக்கும் சம்பந்தப் பேச்சில் முதல் தடவையாக ஹனோய் வீட்டுக்கு வந்த அந்த மனிதர், பிளாஸ்டிக் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டார். தேநீரைச் சத்தமாக உறிஞ்சினார். தோவானின் வரவேற்புரை இரண்டாம் பக்கத்தைத் தொட்டபோது நாற்காலியில் சாய்ந்து, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிம்மதியாக உறங்கிப்போனார். அவர் தூங்கியது இருபது நிமிஷம். அதற்காகத் தோவானின் மனைவி லுவா ஏழு நாள் தூங்கவில்லை.

ஆறு மாதமாக இந்த ஒரு சம்மதத்துக்காக அவள் கணவரைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். முதலில், போயும் போயும் தண்ணீரில் நின்று பொம்மை ஆட்டுகிறவன் வீட்டுக்கா என்றார். பிறகு பெண்ணுக்கும் பையனுக்கும் பிறந்த ஆண்டு ஒத்துவரவில்லை என்றார். பிறகு டெட் புத்தாண்டுப் பண்டிகை போகட்டும் என்றார். பண்டிகை போயிற்று, ஆண்டுகளும் எப்படியோ ஒத்துவந்தன. இப்போது செருப்பும் தூக்கமும் வந்து குறுக்கே படுத்துக்கொண்டன.

வியாழக்கிழமை மியென் அம்மாவிடம் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை அவங்க ஊர்த் திருவிழாம்மா. ரெண்டு பேரும் வாங்க. ஆட்டம் முடிஞ்சதும் அங்கயே நாள் குறிச்சிடலாம். இதுவும் நடக்கலைன்னா, நான் இனிமே அப்பாகிட்ட எதையும் கேக்கப் போறதில்ல."

மகள் கத்தியிருந்தால் லுவாவுக்குப் பயமில்லை. இருபத்தாறு வருஷமாகக் கேட்ட கத்தல். இந்த அமைதிதான் புதிது.

தோவான் அப்படி என்ன பெரிய அதிகாரி என்று இந்த வாரம் புதிதாகப் படிப்பவர்கள் கேட்கலாம். அவர் ஒன்பதாம் எண் குடியிருப்புக் குழுவின் தலைவர். நூற்றுப்பத்து வீடுகள், இரண்டு குப்பைத் தொட்டிகள், ஒரு ஒலிபெருக்கி. இந்த ராஜ்யத்தில் யாருக்கு எந்தச் சான்றிதழ் வேண்டுமென்றாலும், தாள் வார்டு அலுவலகத்துக்குப் போகுமுன் அதில் அவர் கையெழுத்து விழ வேண்டும். தாராளமாக விழும். டெட்டுக்கு முந்தின வாரம் ஒரே மூச்சில் நாற்பத்திரண்டு தாள்களில் போட்டார், ஒவ்வொன்றும் டிராகன் வால் மாதிரி சுழித்து. பக்கத்தில் நின்று தாளைத் தள்ளிக் கொடுத்து, மை காய ஊதியவள் மியென். பெண்ணுக்கு இப்போதாவது பொறுப்பு வந்ததே என்று லுவா அன்று சந்தோஷப்பட்டாள்.

சனி ஞாயிறுகளில் நீச்சல் வகுப்புக்குப் போகிறேன் என்று மியென் சொன்னதும் அதற்குப் பிறகுதான். நல்ல குளிரில் போனாள். ஈரத் துணியோடும் சுருங்கிய விரல்களோடும் வந்தாள். துணியில் சேற்று நாற்றம். அந்த நீச்சல் குளத்துக்காரர்கள்மீது ஒரு புகார் எழுதிப் போட வேண்டும் என்று லுவா நினைத்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாடகைக் காரின் பின் இருக்கையில், தோவான் கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். உள்ளே மூன்று பக்கச் சொற்பொழிவு. பேனாவில் நீல மை ஊற்றி, மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது. குளியலறையில் நான்கு தடவை ஒத்திகை பார்த்ததில் லுவாவுக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது. முதல் பக்கம், வியட்நாமியக் குடும்ப மரபின் மேன்மை. மூன்றாம் பக்கம், நன்றி. விஷம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது: நிச்சயதார்த்தம் வருஷக் கடைசிக்குத் தள்ளி வைக்கப்படுகிறது. அதற்குள் கியெம் காலணி அணிந்து, விழித்த நிலையில், மறுபடியும் ஹனோய்க்கு வர வேண்டும்.

"அந்த ரெண்டாம் பக்கத்தை மட்டும் விட்டுடுங்களேன்," என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுப் பார்த்தாள்.

"அதை விட்டா முதல் பக்கத்துக்கு என்ன மரியாதை?" என்றார் தோவான்.

அதிகம் வற்புறுத்தவும் முடியாது. காகிதம் இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது என்பதால் காகிதத்தின்மீது அவருக்கு ஒரு பக்தி. நான்கு வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டுச் சாவில் காற்று அவர் தாளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டு நிமிஷம் சவப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவர், கடைசியில் எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தார். லுவாதான் பின்னால் போய் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தாள். காதில் விழுந்தது அப்படியே வாய் வழியாகப் பெரிய குரலில் வெளியே வந்தது. நடுவில் எங்கும் நிற்கவில்லை. அன்றிலிருந்து எல்லாக் கூட்டத்திலும் லுவாவின் இடம் அவர் முதுகுக்குப் பின்னால்தான்.

தோங் வாக் கிராமத்தின் நுழைவாயிலில் திருவிழாக் கூட்டம் மறித்து, கார் நின்றது. தோவான் இறங்கவில்லை. பெண் வீட்டார் வந்திருக்கிறார்கள், வரவேற்க ஆள் வரட்டும் என்றார்.

ஆள் வரவில்லை. கொடிகளோடு ஒரு ஊர்வலம் போயிற்று. ஒரு தள்ளுவண்டி போயிற்று. இரண்டு வாத்துகள் நிதானமாக நின்று காருக்குள் பார்த்துவிட்டுப் போயின. லுவா மியெனின் போனுக்கு அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. காலையிலிருந்து இது பதினோராவது தடவை. துயெனை அழைத்தாள். அவனுடையதும் அணைந்திருந்தது. திருவிழா வேலைக்கு உதவப் போகிறேன் என்று முந்தின நாளே கிளம்பிய பெண், அம்மா அப்பா வரும் நேரத்துக்குப் போனை அணைத்து வைத்துவிட்டு என்னதான் செய்கிறாள் என்று எரிச்சலாக வந்தது.

"இறங்கி வாங்க. உங்க கௌரவம் என்ன சர்க்கரையா, வெளிய வந்தாக் கரைஞ்சு போக?"

கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து அவள் சொல்லிவரும் வாக்கியம். அவர் ஒரு தடவையும் அதற்காக இறங்கியதில்லை. இன்றும் இறங்கவில்லை. காருக்குள் வெயில் ஏறியதால் இறங்கினார்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவளோ கழுத்து முதல் முழங்கால் வரை நீல மழைக்கோட்டில் இருந்தாள். கியெமின் தங்கை முய்.

"வாங்க சம்பந்தி, வாங்க சம்பந்தியம்மா. ரொம்ப நேரமாக் காத்திருக்கீங்களா? நாங்க உங்களைக் குளத்தங்கரையில தேடிக்கிட்டு இருக்கோம்."

"சம்பந்தி இன்னும் ஆகலை," என்றார் தோவான்.

முய் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவர்கள் கொண்டுவந்த பழக்கூடையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அண்ணன் எங்கே என்று தோவான் கேட்டதற்கு, தண்ணியில இருக்கான் என்றாள். ஒரு நிமிஷம் வந்து கைகுலுக்கிவிட்டுப் போகலாமே என்றார். பொம்மலாட்டக் குழுவின் ஆதி குருவுக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கியவர்கள் ஆட்டம் முடியும்வரை கரையேறக் கூடாது, வெளியாளிடம் பேசவும் கூடாது என்றாள் முய். மாகாணத் தலைவரே போன வருஷம் வந்து முக்கால் மணி நேரம் காத்திருந்தாராம்.

"மாகாணத் தலைவர் பொண்ணு குடுக்க வரலை," என்றார் தோவான்.

அதுவும் அவள் காதில் விழவில்லை.

குளம் பச்சையாக, கலங்கலாக இருந்தது. நடுவில் வளைந்த ஓட்டுக்கூரையோடு மண்டபம். அதன் முகப்பை மறைத்துத் தண்ணீரைத் தொடும்படி ஒரு மூங்கில் தட்டி தொங்கியது; பொம்மை ஆட்டுகிறவர்கள் அதற்குப் பின்னால், தண்ணீரில். கரையில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். மூன்றாவது வரிசையிலிருந்து கடைசி வரை ஒரு இடம் இல்லை. முதல் இரண்டு வரிசைகள் மட்டும் சுத்தமாகக் காலி.

தோவானின் முகம் அன்று முதல் தடவையாக மலர்ந்தது. ஊரார் இவ்வளவு மரியாதை தெரிந்தவர்களாக இருக்கும்போது கியெமுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று வியந்துகொண்டே, முன்வரிசையின் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மூன்றாவது வரிசையில் இடம் பிடித்து வைத்திருப்பதாக முய் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். முய் பெருமூச்சு விட்டு, அவர்களை அடுத்து லுவாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்து இரண்டு மழைக்கோட்டுகளை எடுத்து நீட்டினாள். லுவா ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டாள். தோவான் தன் புதுக் கோட்டைக் காட்டி, தன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றார்.

முரசு முழங்கியது. வெடி வெடித்தது. தண்ணீர்மேல் புகை பரவ, தட்டியைத் தள்ளிக்கொண்டு கோமாளிப் பொம்மை தெவ் வந்தான். திறந்த மார்பு, தொந்தி, உச்சியில் இரண்டு குடுமி, காது வரை சிரிப்பு. கூட்டம் அவனைப் பார்த்ததுமே சிரிக்கத் தொடங்கிவிட்டது. அரிசி ஆலை முதலாளியின் தொந்தியும் ஊர்த் தலைவரின் புது மோட்டார் சைக்கிளும் அவன் வாயில் விழுந்து எழுந்த பிறகு, மரத்தலை மெல்லத் திரும்பி முன்வரிசையில் நின்றது.

"இதோ நடு நாற்காலியில ஒரு பெரிய மனுஷர். கோட்டு என்ன, பூட்ஸ் என்ன! ஐயா கல்யாணம் பேச வந்தீங்களா, இல்ல எங்க குளத்தைத் திறந்து வைக்க வந்தீங்களா?"

குளக்கரை அதிர்ந்தது. தோவான் பாதி எழுந்து, இரண்டு பக்கமும் திரும்பித் தலை வணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

"பரவாயில்ல, முறையா அறிவிச்சுட்டாங்க," என்றார் லுவாவிடம்.

கோமாளிக்குக் குரல் கொடுத்தவன் துயென். லுவாவுக்குத் தெரிந்துவிட்டது. நாள் குறிக்க வேண்டிய அன்றைக்கு மாமனாரைக் கேலி செய்யும் மாப்பிள்ளையை என்ன செய்வது? அதை வரவேற்பு என்று எடுத்துக்கொள்ளும் கணவரைத்தான் என்ன செய்வது? அவள் மழைக்கோட்டுக்குள் வேர்த்தாள்.

ஆட்டம் முடிவதற்குள் முய்யிடமாவது பேசி நாளைப் பிடித்துவிட வேண்டும் என்று பட்டது. மெதுவாக ஆரம்பித்தாள். நாலாம் மாதத்தில் நல்ல நாள் எதாவது பார்த்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டாள். முய் வெள்ளரி விதையைக் கடித்துக்கொண்டே, எதற்கு என்றாள்.

"நிச்சயத்துக்குத்தான்."

"ஓ, விருந்துக்கா? அதுக்கென்ன சம்பந்தியம்மா, எப்ப வேணாப் போட்டுக்கலாம். பன்னி இன்னும் கொஞ்சம் கொழுக்கட்டும்."

ஒரு தாய் ஆறு மாதமாகத் தூக்கமில்லாமல் அலைகிற விஷயம் இவர்களுக்குப் பன்றி கொழுக்கிற விஷயமாக இருக்கிறது. இந்தப் பக்கம் தள்ளிப்போடுகிற மனிதர், அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே நழுவுகிற மனிதர்கள். நடுவில் இவள் ஒருத்திதான் பைத்தியம் போலிருக்கிறது.

அந்த நேரம் டிராகன்கள் வந்தன.

நான்கு. தங்கநிறச் செதில்கள். முதலில் வாயிலிருந்து நெருப்பைக் கக்கின, கூட்டம் கைதட்டியது. பிறகு நெருப்பு நின்று தண்ணீர் வந்தது. பீய்ச்சிக்கொண்டு, வளைந்து, நேராக, நன்றாகக் குறி பார்த்து. மூன்றாவது வரிசைக்காரர்கள் கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அந்த ஊரில் முன்வரிசை ஏன் காலியாக இருக்கிறது என்பது தோவானுக்கு அப்போது விளங்கியது.

அவர் நகரவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். எழுந்து ஓடினால் முன்வரிசையைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடும் அல்லவா? மூக்குக்கண்ணாடியிலிருந்து குளம் சொட்டச் சொட்ட, கால்மேல் போட்ட காலை எடுக்காமல், நான்கு டிராகன்களும் தீரும்வரை உட்கார்ந்திருந்தார்.

"துண்டு தரட்டுமா சம்பந்தி?" என்றாள் முய்.

"இவங்களுக்குச் சரியான பதில் என்கிட்ட இருக்கு," என்றார் தோவான், மார்பைத் தட்டி. மார்பு சளப்பென்றது.

அடுத்து வாத்துகள் வந்தன. ஒரு கிழவனும் கிழவியும் மேய்க்கிறார்கள், நரி பிடிக்க வருகிறது. வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் முங்கி, வேறெங்கோ எழுந்தன. ஏதாவது பேசாவிட்டால் அழுதுவிடுவோம் என்றிருந்ததால், லுவா இது எப்படி என்று கேட்டு வைத்தாள்.

"என்னைக் கேட்டா?" முய் சிரித்தாள். "நான் இந்த வீட்ல பொறந்தவ. அறுபது வயசாச்சு. அந்த வாத்து எப்படி முங்குதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"உங்களுக்கேவா?"

"பொறந்த பொண்ணுங்களுக்குச் சொல்ல மாட்டாங்க சம்பந்தியம்மா. நாளைக்கு வேற ஊருக்குக் கட்டிக்கிட்டுப் போனா அங்க சொல்லிட மாட்டாளா? தட்டிக்குப் பின்னால கால் வைக்க விடமாட்டாங்க. நான் பக்கத்து வீட்டுக்காரனைத்தான் கட்டிக்கிட்டேன், அப்பவும் விடலை. ஆனா வீட்டுக்கு வர்ற மருமகளுக்குச் சொல்லுவாங்க. ஆபீஸ்ல பதிஞ்சு, முன்னோர் படத்துக்கு முன்னால ஊதுவத்தி ஏத்தி, சத்தியம் வாங்கிட்டு. எங்க அண்ணிக்கு எல்லாம் தெரியும். சாகிறவரைக்கும் அவ என்கிட்ட மூச்சு விடலை."

சொல்லிவிட்டு விதையைத் துப்பினாள். அண்ணிமேல் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை என்று தெரிந்தது.

குளத்தில் நரி ஒரு வாத்தைக் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. கிழவன் படகில் நின்றபடி நரிக்கு நியாயம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். தண்ணீரில் இறங்க மறுத்தான். கிழவி துடுப்பால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"இறங்கி வாய்யா! உன் கௌரவம் என்ன சர்க்கரையா, தண்ணில பட்டாக் கரைஞ்சு போக?"

எல்லாரும் சிரித்தார்கள். தோவானும் உதட்டோரம் சிரித்தார். இருபத்தேழு வருஷமாகத் தனக்குச் சொல்லப்படும் வாக்கியம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. கேட்கும் பழக்கம் இல்லாதவருக்கு எப்படி உறைக்கும்?

லுவாவுக்கு உறைத்தது. வாக்கியம் அவளுடையது. குரல் அவளுடையது இல்லை. கிழவிக்காகக் கரகரப்பாக்கிய இளம் குரல். 'சர்க்கரை'யை இழுத்த இழுப்பு அவள் பெற்று வளர்த்த இழுப்பு.

இருக்காது என்று சொல்லிக்கொண்டாள்.

தேவதைகள் எட்டு பேர் வந்தார்கள். ஏழு பேர் ஒன்றாகத் திரும்பினார்கள். இடது ஓரத்தில் ஒருத்தி மட்டும் ஒவ்வொரு தடவையும் அரை நொடி தாமதமாகத் திரும்பினாள். ஒரு தடவை பக்கத்துத் தேவதைமேல் இடித்து, அவசரமாக நேராக நின்றாள். புதுக் கை என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். லுவாவின் மனத்தில் ஈரத் துணிகள் வரிசையாக வந்தன. சேற்று நாற்றம். சுருங்கிய விரல்கள். குளிரில் நீச்சல்.

முரசு உச்சத்துக்குப் போய் நின்றது. மூங்கில் தட்டி மேலே சுருண்டது.

இடுப்பளவுத் தண்ணீரில் எட்டு பேர், மார்பு வரை ரப்பர் உடுப்போடு, வரிசையாக நடந்து வெளிச்சத்துக்கு வந்தார்கள். நடுவில் கியெம். அவர் பக்கத்தில் துயென், கோமாளியைத் தோளில் சாய்த்துக்கொண்டு. இடது ஓரத்தில், கன்னத்தில் சேறு அப்பிய மியென்.

"இவ ஏன் சேத்துல நிக்கிறா?" தோவான் கண்ணாடியைத் துடைத்தார்; ஈரக் கைக்குட்டையால் துடைத்ததில் அது இன்னும் மங்கியது. "நாள் குறிக்க வந்த இடத்துல பொண்ணை வேலை வாங்குறாங்களா? பார்த்தியா? பார்த்தியா லுவா?"

லுவா பார்த்தாள். அவர் பார்த்தது சேற்றில் நிற்கும் மகளை. அவள் பார்த்தது தட்டிக்குப் பின்னாலிருந்து வந்த மருமகளை.

"நல்லாத்தான் கத்துக்கிட்டா," என்றாள் முய் பெருமையாக. "ரெண்டே மாசம். டெட் முடிஞ்ச கையோட கல்யாணத்தை ஆபீஸ்ல பதிஞ்சுட்டு நேரா இங்கதான் வந்து நின்னுது. அப்பா சம்மதமான்னு எங்க அண்ணன் கேட்டான். உடனே பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டுச்சு, கல்யாணம் பதியறதுக்கு முந்தி, கல்யாணமாகாதவங்கறதுக்குச் சான்று கேக்கற தாள். அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்காரே! அந்தச் சுழியைப் பார்த்து அண்ணன் அசந்துட்டான். அதான் போன வாரம் உங்க வீட்டுக்கு வந்தப்ப நிம்மதியாத் தூங்கிட்டான் போல."

நாற்பத்திரண்டு தாள்கள். மை காய ஊதிய உதடுகள்.

லுவாவுக்குத் தண்ணீரில் இறங்கி மகளை இரண்டு அறை அறைய வேண்டும் போலிருந்தது. அதே கையால் அந்தக் கன்னத்துச் சேற்றைத் துடைக்கவும் வேண்டும் போலிருந்தது. ஆறு மாதம் இவள் யாருக்காகக் கெஞ்சினாளோ, அவள் இரண்டு மாதமாக வேறு வீட்டுப் பெண். அப்பாவிடம் சொல்லாதது சரி. அம்மாவிடமுமா?

மியென் கரையை ஏறிட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தில் முய்யின் வாயைப் பார்த்தாள், எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தேவதைப் பொம்மையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

அதற்குள் கியெம் கைகூப்பிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார்.

"எங்க சம்பந்தி ஹனோய்லேருந்து வந்திருக்காரு. ரெண்டு வார்த்தை பேசணும்னு கேட்டுக்கறேன். போன வாரம் அவரு பேசறப்ப நான் பாதியில தூங்கிட்டேன். மிச்சத்தை இன்னிக்குக் கேட்டுடறேன். இடுப்புவரைக்கும் பச்சைத் தண்ணி, இன்னிக்குத் தூக்கம் வராது."

ஊரே சிரித்தது. யாரோ ஒரு கம்பியில்லா மைக்கைத் தோவான் கையில் திணித்தார்கள்.

தோவான் எழுந்தார். கோட்டு உள்பைக்குள் கைவிட்டு, ஆறு மாதக் கோபத்தையும் வெளியே எடுத்தார். அது நீலக் கூழாக வந்தது. மூன்று பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டி, குடும்ப மரபின் மேன்மையும் நன்றியும் ஒரே கறையாகி, விரலிடுக்கில் வழிந்தன. முன்னூறு பேர் காத்திருந்தார்கள். மைக் அவர் மூச்சை வாங்கி ஒலிபரப்பியது.

அவர் தலையைத் திருப்பாமல், வாயோரமாக, "லுவா," என்றார்.

அவள் ஏற்கெனவே அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கால் பழக்கத்தில் போய் நின்றிருந்தது. இரண்டாம் பக்கம் அவளுக்கு வார்த்தை பிசகாமல் தெரியும். நிச்சயதார்த்தம் வருஷக் கடைசிக்கு. காலணி. விழித்த நிலை. அதை இந்த ஊர் முன்னால், கன்னத்தில் சேற்றோடு நிற்கும் இந்தப் பெண் முன்னால் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு கணம் யோசித்தாள். இன்னொரு கணம் தேவைப்படவில்லை.

"பெருமதிப்பிற்குரிய தோங் வாக் ஊர்ப் பெரியோர்களே," என்றாள் மெதுவாக.

"பெருமதிப்பிற்குரிய தோங் வாக் ஊர்ப் பெரியோர்களே!" என்றன ஒலிபெருக்கிகள்.

"எங்கள் ஒரே மகள் மியெனை"

"எங்கள் ஒரே மகள் மியெனை!"

"இந்தக் குடும்பத்தின் மருமகளாகக் கண்டதில்"

"இந்தக் குடும்பத்தின் மருமகளாகக் கண்டதில்!"

"நானும் என் மனைவியும் அளவிலா மகிழ்ச்சி அடைகிறோம்."

"நானும் என் மனைவியும் அளவிலா மகிழ்ச்சி…" இங்கே மட்டும் அவர் குரல் ஒரு அங்குலம் தடுக்கியது. ஆனால் வாக்கியத்தை முடிக்காமல் விடுவது அவர் வழக்கமில்லை. "…அடைகிறோம்!"

"விருந்துக்கான நாளை அவர்களே குறிக்கட்டும். நாங்கள் முன்வரிசையில் இருப்போம்."

அதையும் சொன்னார். முன்வரிசை என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முரசுக்காரர் தன் பங்குக்கு நான்கு அடி அடித்தார். தோவான் நாலு பக்கமும் தலை வணங்கி முடித்துவிட்டு மைக்கைக் கீழே இறக்கினார். அணைக்கவில்லை. அணைப்பது எப்போதும் வேறு யாராவது செய்கிற வேலை.

"என்னை என்ன சொல்ல வச்சே நீ?" என்றார் பல்லைக் கடித்து.

"சொல்றேன். அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கறேன். டெட்டுக்கு முன்னால நாப்பத்திரண்டு தாள்ல கையெழுத்துப் போட்டீங்களே, எல்லாத்தையும் படிச்சுப் பார்த்தீங்களா?"

இது அவர் நாணயத்தைத் தொடும் கேள்வி. நனைந்த மார்பு நிமிர்ந்தது. கை தானாகவே மைக்கை வாயருகே கொண்டுபோயிற்று.

"நான் படிக்காம எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல!"

குளத்தின் நான்கு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கிகள் அதைத் தெளிவாகச் சொல்லின. எதிர்க்கரைச் சுவர் இன்னொரு தடவை சொன்னது.

"அதான் நான் சொன்னேன்ல," என்றார் கியெம் தண்ணீரிலிருந்து, திருப்தியாக, பக்கத்தில் இருந்தவரிடம். துயெனின் கையிலிருந்த கோமாளி இடுப்பை வளைத்து முன்வரிசைக்கு ஒரு கும்பிடு போட்டான்.

மியென் மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். லுவா அவள் பக்கம் திரும்பாமல் மழைக்கோட்டைக் கழற்றி, உதறி, மெதுவாக நான்காக மடித்தாள். கணவரிடம் சொல்ல வேண்டியதை இனி ஊரே சொல்லிவிடும். மகளிடம் கேட்க வேண்டியதை அவள்தான் கேட்க வேண்டும்.